முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல்

டெனிஸில் இரட்டையர் ஆட்டம் ஆடிச் சம்பளம் வாங்குகிறவனை ஊர் லேசில் நம்பாது. தனியாக ஆடுகிறவனை வீரன் என்பார்கள். எங்களைக் கூட்டுக் களவாணிகளாகத்தான் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

என்ன உத்தியோகம்?

எண்பதுகளின் நடுவில் கொழும்புக் கொம்பனி ஒன்று, மற்றக் கொம்பனிகளோடு நடக்கும் போட்டிகளில் ஆடுவதற்கென்றே என்னையும் சாமுவேலையும் வேலைக்கு வைத்திருந்தது. சாமுவேல் கல்முனை மெதடிஸ்தக் குடும்பத்துப் பொடியன். சின்ன வயதிலிருந்தே என் சோடி.

அப்போது எனக்குப் பரீதாவைக் கலியாணம் பேசினார்கள். எனக்கு அவளை நன்றாகப் பிடித்திருந்தது, தவறிவிடக் கூடாதே என்று பயமாகவும் இருந்தது. அவளுடைய வாப்பா மீராலெப்பை ஹாஜியார் மாட்டு வியாபாரி. விற்கிறவன் சொல்லை நம்பாமல் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும் என்பதால் என் பல்லையும் பார்த்தார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் வரை விசாரித்துவிட்டுக் கடைசியில் என்னிடமே வந்தார்.

"பந்தடிக்கிறதுக்கு ஆரு தம்பி சம்பளம் குடுக்கிற? உண்மையச் சொல்லுங்க, நீங்க அங்க என்ன செய்யிற?"

ஆமிக்காரர்

நேரில் வந்து பாருங்கள் என்றேன். அடுத்த போட்டிக்கு நானும் சாமுவேலும் கொழும்புக்குப் புறப்பட்டபோது அவரும் அப்படியே எங்களோடு பஸ் ஏறிவிட்டார். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் எல்லோரையும் இறக்கி, எங்கள் மட்டைகளின் நரம்பை இழுத்துப் பார்த்தார்கள், பந்துகளை முகர்ந்தார்கள். உங்களில் யார் தலைவர் என்று ஒருவன் கேட்டான். நான் சாமுவேலைக் காட்டினேன், அதே நேரம் அவன் என்னைக் காட்டினான். ஆமிக்காரன் அரைகுறைத் தமிழில் சொன்னதைக் கேட்டு ஹாஜியார் திரும்ப பஸ் ஏறியதும் வேறு ஆசனத்துக்கு மாறிவிட்டார்.

"தலைவர் இல்லாத கோஷ்டி இல்ல. ரெண்டு பேரும் என்னமோ மறைக்கிறது."

விரல்

அரையிறுதி. சாமுவேல் பின்னால் நின்று பந்தைப் போடுவான். நான் வலையோரம் நின்று, எதிராளிக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவேன். ஒரு விரல் என்றால் நின்ற இடத்திலேயே நிற்பேன், இரண்டு என்றால் குறுக்கே பாய்வேன். உலகம் முழுக்க இரட்டையர் ஆட்டத்தில் உள்ள வழக்கம்தான்.

ஹாஜியாரோ சாமுவேலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாட்டு வியாபாரத்தில் விலையை வாய் திறந்து சொல்வதில்லை. சால்வைக்குள் கைகோத்து விரலை அழுத்தித்தான் பேசுவார்கள். விரல் அசைந்தால் அவருக்கு அது விலை. நாங்கள் சுலபமாக வென்று வெளியே வந்தோம். என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"விரல்ல பேசியே நரைச்ச ஆள் நான். எதிர்ப்பக்கத்து ரெண்டு பேரையும் என்ன விலைக்கு வாங்கினீங்க?"

இறுதி ஆட்டம்

நாங்கள் விளக்க விளக்க அவருடைய சந்தேகம் கூடியது. நாளைக்குக் கையை முன்னால் வைத்து ஆடு, இல்லாவிட்டால் கலியாணப் பேச்சு இத்தோடு சரி என்றுவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சாமுவேல்தான் தேற்றினான். "கப் அடுத்த வருசமும் வரும் மச்சான். ஹாஜியார் வருவாரா?"

கையைப் பின்னால் கொண்டுபோகாமலே ஆடினோம். நான் எந்தப் பக்கம் பாய்வேன் என்று சாமுவேலுக்குத் தெரியவில்லை. ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டோம், பந்து நடுவால் போய்க்கொண்டே இருந்தது. படுதோல்வி. ஆட்டத்தை விற்றுவிட்டோம் என்று நினைத்து கொம்பனி மனேஜர் எங்களோடு கதைக்காமலே காரில் ஏறிப் போய்விட்டார். ஹாஜியார் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இண்டைக்குத்தான் மகன் நேர்மையா ஆடினீங்க. ஊருக்குப் போன கையோட நிக்காஹ்வுக்கு நாள் பார்ப்பம்."

வென்றால் மாமனாருக்குச் சந்தேகம், தோற்றால் மனேஜருக்குச் சந்தேகம் என்றிருக்க, சமநிலையில் முடிக்கவே வழியில்லாத இந்த ஆட்டத்தைப் பிழைப்பாக எடுத்த என் புத்தி மேல்தான் எனக்குச் சந்தேகம்.