காட்டுக்கு அனுப்பக் காப்புறுதி உண்டா?

மகளுக்குப் பதினைந்து வயது. பனி கரையத் தொடங்கிய நாட்களில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பிறகு சாப்பாட்டு மேசைக்கு வருவதையும் நிறுத்தினாள். நான் அறைக்கு வெளியே நின்று, உள்ளே கட்டில் அசையும் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பேன். கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அவளைப் பார்த்துவந்த உளவள ஆலோசகர் ஒரு வழி சொன்னார். வடக்கே ஏரிக்காட்டில் இவள் வயதுப் பிள்ளைகளைச் சில கிழமைகள் கூடாரத்தில் தங்கவைப்பார்களாம். படகு வலித்து, சமைத்து, ஆலோசகர்களோடு மனம்விட்டுப் பேச வேண்டுமாம். அதுவும் ஒரு வைத்தியம்தானாம்.

இந்த நாட்டில் வளரும் பிள்ளைகளே, உங்களுக்குக் காடு என்றால் நெருப்பு மூட்டி மாஷ்மெல்லோ சுடுகிற இடம். நான் உங்கள் வயதில், ஊரில் போர் நடந்தபோது, ஷெல்லடிக்குப் பயந்து காட்டுக்குள் ஒளிந்திருந்தவன். எங்களோடு உள்ளே போன எல்லோரும் வெளியே வரவில்லை.

"உங்கட வேலையிடத்து பெனிபிற்ஸ் காப்புறுதியில இதுக்குக் குடுப்பினமோ எண்டு கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"ஓம், கேக்கிறன்."

"ஓம் ஓம் எண்டு ஒரு கிழமையாச் சொல்லுறியள். ஃபோன் என்ன கடிக்குமே?"

மிசிசாகா நகரில் என் வேலையிடத்துக் கார் தரிப்பிடத்திலிருந்து காப்புறுதிக்காரருக்கு ஃபோன் எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் மறுத்துவிட வேண்டும் என்றுதான் மனதுக்குள் கும்பிட்டேன். மறுத்தால் அவளை அனுப்பத் தேவையில்லை. பழியும் என்மேல் இராது.

பேசிய பெண் பொறுமையானவர். சாப்பாடு, கூடாரம், பயணம் எதற்கும் கொடுக்கமாட்டார்களாம். பதிவுபெற்ற உளவியலாளர் அங்கே மகளுக்குச் சிகிச்சை செய்யும் நேரத்துக்கு மட்டும் கொடுப்பார்களாம். அதற்குத் தனி ரசீது வாங்கச் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "மகள் இப்போது வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாளா?"

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தெரியாது" என்றுதான் வந்தது. பயமாக இருந்தால் எதற்கும் காத்திராமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார் அவர்.

பாதி வேலையில் மேலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மகள் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். கீழே தரையில் உட்கார்ந்து ஏரிக்காடு, காப்புறுதி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்க சிக்னல் இல்லையாம் அப்பா. எனக்குப் பயம் வந்தா உங்களுக்கு எப்பிடிக் கோல் பண்ணுறது?"

"எனக்கும் அதுதான் பயம்."

"உங்களுக்கா? சீரியஸ்லி?"

"ஓம். காடெண்டாலே பயம்."

எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப நீங்க காட்டுக்குள்ள இருக்கேக்க என்ன செய்தனீங்கள்?"

"பக்கத்தில ஆள் இருக்கோ எண்டு இருட்டுக்குள்ள தடவிப் பாப்பன். ஒரு கை அம்பிடும்."

போர்வையை விலக்கிக் காலைத் தரையில் வைத்தாள்.

"போறன். ஆனா நீங்கதான் கொண்டுபோய் விடோணும். நான் உள்ள போகுமட்டும் நிக்கோணும்."

"நிப்பன்" என்றேன். காட்டைக் கண்டு ஓடாமல் நிற்பேனா என்பது எனக்கே தெரியாது.