மஞ்சள் துணி காட்டிய வழி

எட்டாம் தரத்துக்குத் தாவரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் வாள் சண்டை போட்டார்கள். வாள் என்பது பச்சை நிறத்தில், ஒரு முழ நீளத்தில், நுனி கூராக இருந்த ஏதோ ஒன்று. பறித்துப் பார்த்தேன். கண்டல் மரத்தின் விதை! தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, ஈட்டிபோலத் தொங்கி, பருவம் வந்ததும் கழன்று சேற்றில் குத்தி நிற்கும் விதை. அலை கொண்டுவந்து எங்கள் உடப்புக் கரையில் போட்டிருக்கிறது.

"இது என்னெண்டு தெரியுமா?"

"கடல் முருங்கைக்காய் டீச்சர்," என்றாள் துவாரகா.

ஒருவரும் சிரிக்கவில்லை. முழு வகுப்பும் அப்படித்தான் நம்பியிருந்தது. கண்டல் காட்டுக்குள் போனவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். ஒரு கைகூட எழவில்லை. "அதுக்குள்ள போனா திரும்பி வர வழி தெரியாது டீச்சர்," என்று ஒருவன் சொன்னான். அந்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது. கற்பிட்டிப் பக்கம், களப்பு என்கிற கடல்நீர் ஏரியோரமாக இருக்கும் கண்டல் தாவரத் தோட்டத்தில், விதை விழும் பருவத்தில் மட்டும் வழிகாட்டியோடு உள்ளே கூட்டிப்போகிறார்களாம். இவர்கள் எல்லாரையும் அங்கே கொண்டுபோனால் என்ன?

அன்று இடைவேளையிலேயே பாடசாலை அதிபரிடம் ஓடினேன். அவர் தேத்தண்ணியை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"நீங்க முதல்ல தனியப் போய்ப் பாத்திட்டு வாங்க டீச்சர். பயமில்லாத இடமெண்டு உங்கட வாயால சொன்னா நான் கையெழுத்துப் போடுறன். சொல்லேலாட்டி, இந்தக் கதைய இதோட விடுவம்."

சரி என்றேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு உடப்பில் பஸ் ஏறினேன். ஆடி மாதம், கோயில் திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கிகள் அந்த நேரத்திலேயே பாடத் தொடங்கியிருந்தன. பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தவர் துவாரகாவின் அம்மா, சரோஜா அக்கா.

"டீச்சரும் கண்டல் தோட்டத்துக்கா? நானும் அங்கதான். போன மாசமும் போனன்."

"அவ்வளவு பிடிச்சுப் போச்சா அக்கா?"

"இடம் நல்ல இடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குவைத்தில் வேலைக்குப் போயிருந்த மூத்த மகள் நிரோஷா போன கிழமை நல்லபடி வந்து சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியை மட்டும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிரதான வீதியில் பஸ் மாறி, பாலாவிச் சந்தியில் இறங்கியபோது எட்டு மணி தாண்டியிருந்தது. சீமெந்து லொறிகளின் தூசிக்கு நடுவே ஒரு கடையில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். உப்பளத்து ஓரமாகக் கழுதைகள் நின்றன. அங்கிருந்து கற்பிட்டி பஸ். டிக்கெட் நூற்றிப் பத்து ரூபாய். இடது பக்கம் காற்றாலைகள் சுழன்றன, வலது பக்கம் தென்னைகளுக்கு இடையில் களப்பு தெரிந்து தெரிந்து மறைந்தது. காற்று பலமாக இருந்தது. தண்ணீரில் வெள்ளை நுரை.

தோட்டத்து வாசலில் உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் இருநூறு ரூபாய். வழிகாட்டியின் பெயர் றிஸ்வான். பள்ளிவாசல்துறைக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். வாய் ஓயாமல் பேசுகிறவர். சிலாபத்திலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம், பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், சரோஜா அக்கா, நான். இவ்வளவுதான் கூட்டம்.

"நான் செல்லுறத நல்லாக் கேளுங்க," என்றார் றிஸ்வான். "சப்பாத்தக் கழட்டிருங்க. மஞ்சத்துணி கட்டின வேரப் பாத்துப் போங்க. மஞ்சத்துணி இல்லாத பக்கம் கால் வைக்க வாணாம். சேறு இழுத்திரும். பத்தரைக்குப் பிறகு தண்ணி ஏறும், அதுக்குள்ள வெளிய வந்திருவோம்."

"சேறு எவ்வளவு ஆழம்?" என்று கேட்டேன்.

"அளந்து பாத்த ஆள் இன்னும் மேல வரல்ல மிஸ்," என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் காற்று நின்றுபோனது. அதுதான் முதல் பயம். வெளியே தென்னைகளை முறித்துவிடுவதுபோல் வீசிய காற்று, பத்து அடி உள்ளே போனதும் இல்லை. வெளிச்சம் பச்சையாகிவிட்டது. அழுகிய முட்டை வாசம். கண்டல் வேர்கள் வளைந்து வளைந்து சேற்றில் இறங்கி நின்றன. நிறையக் கால்கள் உள்ள ஏதோ ஒன்று நம்மைப் பார்த்தபடி அசையாமல் நிற்பதுபோல. சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சுவேர்கள். எங்கிருந்தென்று தெரியாமல் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். இறால் வகை ஒன்று கொடுக்கைச் சொடுக்குகிறது என்றார் றிஸ்வான். விளக்கம் தெரிந்த பிறகும் அந்தச் சத்தம் பயமாகத்தான் இருந்தது.

ஆனாலும் விதைகள்! தலைக்கு மேலே ஆயிரம் பச்சை ஈட்டிகள். திடீரென்று ஒன்று கழன்று, 'சளக்' என்று எனக்கு முன்னால் சேற்றில் நெட்டுக்குத்தாக நின்றது. பக்கத்தில் நின்ற சிலாபத்துப் பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டார். என் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும் என்று மனம் துள்ளியது. பார்க்கும்போது இங்கே ஒரு பிள்ளை வழுக்கினால் என்ற எண்ணமும் உடனேயே பின்னால் வந்தது.

ஓரிடத்தில் றிஸ்வான் நின்று, தூரத்தில் தனித்து நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். "அது தில்லை. அதுக்குக் கிட்டவே போக வாணாம். கொப்ப முறிச்சா பால் வரும். கண்ணுல பட்டா பார்வை போயிரும்." மாணவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். சரோஜா அக்கா மட்டும் கண்களை மூடி, இரு கைகளையும் குவித்துக் கும்பிட்டார். அவரை நான் பார்த்தேன். ஆனால் அதன் பொருள் பிடிபடவில்லை.

திரும்பும் வழியில் வகுப்பில் காட்ட இரண்டு விதைகள் பொறுக்க நினைத்துக் கடைசி ஆளாகப் பின்தங்கினேன். குனிந்து நிமிர்ந்தபோது முன்னால் ஒருவரும் இல்லை. றிஸ்வானின் குரல் மட்டும் மரங்களுக்குள் எங்கோ கேட்டது. எந்தத் திசை என்று சொல்ல முடியாதபடி அது நாலாபக்கமும் சிதறியது. பரவாயில்லை, மஞ்சள் துணி இருக்கிறதே என்று தேடினேன். இருந்தது. அடுத்தது இருந்தது. அதற்கடுத்ததும். துணி துணியாகப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

நாலாவது துணியைத் தாண்டி வைத்த கால் தரையைத் தொடவில்லை.

முழங்கால், பிறகு தொடை. மற்றக் காலை எடுத்து ஊன்றினேன், அதுவும் போனது. குளிர்ந்த வாய் ஒன்று மெல்ல மெல்ல விழுங்குவதுபோல் இருந்தது. கத்தினேன். காடு அந்தக் கத்தலைத் தின்றுவிட்டது. தலைக்கு மேலே ஒரு கொப்பு; எட்டிப் பிடித்து என் முழுப் பாரத்தையும் அதில் போட்டேன். 'மளுக்' என்று முறிந்தது. முறிந்த இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் வழிந்து என் இரு கைகளிலும் ஓடியது.

தில்லை.

அந்த நேரத்தில் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கண் எரிந்தது. வியர்வையா, பாலா? துடைக்கக் கை தானாக உயர்ந்தது. பாதி வழியில் நிறுத்தினேன். கைகளை உடம்பை விட்டு விலக்கி, நீட்டியபடி வைத்துக்கொண்டு, அழக்கூடப் பயந்து நின்றேன். கண்ணீர் வந்தால் துடைக்கத் தோன்றும். சேற்றின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று ஊர்ந்து வந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. வலப்பக்கத்தில் பாரமான ஏதோ ஒன்று 'தொபுக்' என்று நீரில் இறங்கியது. அது நீர் உடும்பான கபரகொய்யாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அதற்கு நான் வைத்த பெயர் முதலை.

வேர்களுக்கு மேலே ஒரு சேலை நிறம் தெரிந்தது.

"டீச்சர்! நீங்க எப்பிடி இங்க?"

"மஞ்சத்துணியப் பாத்து வந்தனான் அக்கா!"

சரோஜா அக்கா வாயில் கைவைத்தார். "ஐயோ அம்மாளே. அது நான் கட்டினதெல்லோ!"

பிறகு அவர் போட்ட கூச்சலை நான் மறக்க மாட்டேன். உடப்புக் கரையில் நின்று நடுக்கடல் வள்ளத்தைக் கூப்பிடும் குரல் அது. றிஸ்வான் வழியில் ஓர் ஓடைக்குக் குறுக்கே கிடந்த பலகையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "யா அல்லாஹ், மிஸ், கண்ணத் துறக்க வாணாம், மேல இருந்து பால் சொட்டுது," என்றார். அவர் குரல் என்னுடையதைவிட அதிகமாக நடுங்கியது. அக்கா கைக்கெட்டிய துணியொன்றை அவிழ்த்து, பலகையில் தவழ்ந்து வந்து, என் முகத்தைச் சுற்றிக் கட்டினார். மஞ்சள் வாசம். இருட்டு. அந்த இருட்டுக்குள் இருந்தபடியே இரண்டு பேர் என் தோளைப் பிடித்து இழுப்பதையும், சேறு என் கால்களை மனமில்லாமல் விடுவதையும் உணர்ந்தேன்.

வாசலில் இருந்த நன்னீர்க் குழாயடியில் கைகளைச் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். கழுத்தில் மட்டும் ஓரிடம் சிவந்து தடித்திருந்தது. துணியை அவிழ்த்ததும் முதலில் தெரிந்தவை, சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு முகங்கள்.

"நீங்கதானே தம்பி அது தில்லை மரமெண்டு சொன்னது?"

"கிட்டப் போக வாணாமெண்டும் செல்லினேனே!"

"தில்லை எங்கட சாமி மரம். கிட்டப் போகாம எப்பிடிக் கும்பிடுறது? வழியெல்லாம் மஞ்சத்துணி தொங்கிச்சு, அது வழி காட்டுறதெண்டு அப்ப விளங்கல்ல. ஆரோ ஆக்கள் நேர்த்திக்கடன் வச்சிருக்காங்களெண்டு நினைச்சுத்தான் போன மாசம் ஊரிலிருந்து வந்த நாங்க மூண்டு பேரும் மரம்வரைக்கும் கட்டினம். எண்ட மகள் வந்திட்டாள். அதால நேர்த்திய அவிழ்க்க வந்தன்."

என் முகத்தில் கட்டியது நிரோஷாவுக்காக வைத்த நேர்த்தித் துணி. ஒரு முனையில் முடிந்த காசு இன்னும் இருந்தது. அக்கா அதைப் பையில் பத்திரப்படுத்தினார். கோயில் உண்டியலில் போட வேண்டுமாம்.

"அப்ப மிச்சத்தையும் அவிழ்த்திருவோம்," என்றார் ஒரு மாணவர்.

"ஏலாது! மற்ற ரெண்டு பேரிட நேர்த்தியும் இன்னும் நிறைவேறல்ல."

எல்லாரும் றிஸ்வானைப் பார்த்தோம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "அடுத்தவங்கட நிய்யத்துல, வேண்டுதல்ல, நாங்க கை வைக்க மாட்டோம். என்ட துணிய மாத்துறேன். சிவப்புக் கட்டுவோமா?"

"சிவப்பு காளிக்கு," என்றார் அக்கா.

"அப்ப பச்சை..." என்று தொடங்கிய றிஸ்வான் தானே நிறுத்தினார். "பச்சை எங்கட தர்காவுல கட்டுறது."

"நீலம் மட்டும் வேணாம்," என்றார் சிலாபத்துப் பெண்மணி. "அது மாதாவுக்கு. நானே ஒண்டு கட்டிப்போட்டுத்தான் போவன்."

முதலில் சிரித்தவர் றிஸ்வான். பிறகு எல்லாரும். அப்போதுதான் எனக்கு உடப்புக் கரையில் குவிந்து கிடக்கும் பழைய வலை மிதவைகள் நினைவுக்கு வந்தன. கிழிந்த வலையோடு வீசிய செம்மஞ்சள் பிளாஸ்டிக் உருண்டைகள். அதைக் கட்டி நேர்த்தி வைக்கிற சாமி எந்த மதத்திலும் இல்லையே!

"அதெண்டா நான் சாக்கு நிறையத் தாறன்," என்றார் அக்கா.

பின்னேரம் திரும்பும் பஸ்ஸில் களப்பைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு அழகான பச்சைக் கோடு! அதற்குள் ஓர் இடத்தில் என் இரண்டு கால்களும் இறங்கிய குழி இருக்கிறது. இந்நேரம் அதன் மேல் தண்ணீர் நிற்கும். மடியில் பை, அதற்குள் இரண்டு விதைகள். எப்போது வைத்தேன் என்று நினைவில்லை.

பயமில்லாத இடமென்று என் வாயால் சொல்ல முடியாது. திங்கட்கிழமை அதிபரிடம் அதைத்தான் சொல்லப்போகிறேன். பயமான இடம் சேர், நான் கத்தினேன், ஒருவருக்கும் கேட்கவில்லை. அதையும் சொல்லுவேன். அதற்குப் பிறகு, கையெழுத்தைக் கேட்க மாட்டேன். அவரையே எங்களோடு வரச் சொல்லிக் கேட்பேன். அடுத்த சனிக்கிழமை சரோஜா அக்காவும் நானும் மிதவைச் சாக்கோடு போகிறோம். றிஸ்வான் வழியெல்லாம் கட்டட்டும். கட்டி முடிந்த பிறகு, வரிசையின் கடைசி ஆளாக, முன்னால் போகிறவரின் முதுகு தெரியாத தூரத்தில் நான் ஒருமுறை தனியாக நடந்து பார்க்கப்போகிறேன். நான் வெளியே வந்த பிறகு அதிபர் அதேபோல் நடக்கட்டும். அவர் சொல்லட்டும், பிள்ளைகள் வரலாமா என்று.

ஆறரை பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இருக்கை ஒன்று பிடித்து வைப்பேன்.