உமி அடைத்த சுவர்

பாம்பனில் மீன் ஏற்றி அனுப்பும் முதலாளி ஒருவர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஐஸ் கொட்டகை கட்டி என்னைக் காவலுக்கு வைத்தார். ஊரே சிரித்தது. நான் அப்படிப்பட்ட ஆள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, இந்நேரம் என் அய்யா போன வள்ளம் கவிழ்ந்திருக்குமோ, வீட்டில் அடுப்புப் பொறி கூரைக்குப் பறந்திருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மணி அடிக்கும் முன்னே வீட்டுக்கு ஓடிவிடுவேன். "இனிமே அங்கனயே இருந்துக்க" என்று வாத்தியார் ஒருநாள் சொல்லிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பயம் மட்டும் கூடவே வளர்ந்தது.

ஆனால் பயந்த ஆள்தான் ஐஸ் கொட்டகைக்கு வேண்டும். கதவு ஒரு விரல் திறந்திருந்தாலும் உள்ளே இருப்பது தண்ணீராகிப் போகும். தூக்கத்திலும் தாழ்ப்பாளைத் தடவிப் பார்ப்பவன் நான்.

கொட்டகைக்கு இரண்டு சுவர். வெளியே கல், உள்ளே பலகை, நடுவில் ஒரு முழம் இடைவெளி. மேலே தகரம். தகரத்துக்குக் கீழே காற்று குறுக்கே ஓட வழி விட்டு, அதற்கும் கீழே பலகைத் தட்டு. சுவருக்கு நடுவில் உள்ள இடத்தைச் சும்மா விட்டாலே போதும் என்றுதான் முதலாளி முதலில் நினைத்தார். அது போதவில்லை. வெயில் பட்ட கல்லின் ஓரமாகக் காற்று மேலே ஏறும், பலகை ஓரமாகக் கீழே இறங்கும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து சூட்டை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காற்றை அசையவிடாமல் கட்டிப்போட வேண்டும். அதற்குத்தான் உமி.

உமியைக் கொட்டினால் ஆயிற்றா, மிதித்து இறுக்க வேண்டுமே. ஒரு முழச் சந்துக்குள் இறங்க ஒல்லியான ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுச் சித்தியின் மகன் இறங்கினான். தகப்பன் இல்லாத பிள்ளை, தாய்மாமனோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். மீசை கறுத்து, பெண் பார்க்கிற பேச்சும் தொடங்கியிருந்த நேரம். நான் மேலிருந்து உமியைக் கொட்டக் கொட்ட அவன் உள்ளே நின்று மிதித்தான். தூசியில் தும்மிக்கொண்டே பேசுவான்.

"அண்ணே, ஞாபகமா என்னைய வெளிய எடுத்துருங்க. உமியோட உமியா அடச்சுப்புட்டு வீட்டுக்குப் போயிறாதீக."

"சும்மா மிதிடா."

"இல்ல, நீங்க தாப்பாளுக்குத்தான் பயப்படுவீக. ஆளுக்குப் பயப்பட மாட்டீக."

உமி ஏற ஏற அவனும் ஏறி வந்தான். முதலில் தலைமுடி தெரிந்தது, பிறகு தோள். கடைசியில் இடுப்பளவு வெளியே வந்து, சுவர் மேல் உட்கார்ந்து, காதுக்குள் போன உமியை விரல் விட்டு எடுத்தான். கொட்டகைப் பக்கம் வரும்போதெல்லாம் அவனுக்கு ஒரே கேலிதான். "அண்ணே, தாப்பாளப் பாத்தீகளா? எதுக்கும் இன்னொருக்கா பாத்துருங்க." அவன் செய்வது கேலிதான் என்று தெரிந்தும் நான் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

அடுத்த சித்திரையில் அவன் செத்துப்போனான்.

விடியற்காலை பாலத்துக்குத் தெற்கே நீரோட்டத்தில் வள்ளம் கவிழ்ந்தது. மாமன் பிழைத்துவிட்டார். இவன் உச்சி வெயிலில் கரை ஒதுங்கினான். கடலில் கிடந்த உடம்பு, சித்திரை வெயில். பொழுது இறங்குவதற்குள் கல்லறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். ஆனால் அவனைப் பெற்ற சித்தி ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்குக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் தலைமன்னார் போயிருந்தாள். தந்தி கொடுத்தால், கையில் கிடைத்தால், மறுநாள் கப்பல் ஏறி இந்தக் கரையில் இறங்கினால், அன்று சாயங்கால ரயிலில் வரலாம்.

ஈர வேட்டியோடு மாமன் என் முன்னால் வந்து நின்றார். "எங்க அக்கா மொகம் பாக்காம மண்ணு போட்டேன்னா, நான் அவ மொகத்தப் பாக்க முடியாதுய்யா. ஒன் கொட்டகையில வச்சுக்க."

முதலாளி மறுக்கவில்லை. இருந்த மீனை எல்லாம் வெளியே எடுத்துக் கருவாட்டுக்கு அனுப்பினார். பலகை போட்டு அவனைக் கிடத்தினோம். ஐஸை உடைத்து இரண்டு பக்கமும் அணைத்து, மேலே மரத்தூள் தூவி, சாக்கு போர்த்தினேன். இனி இந்தக் கதவு நாளைச் சாயங்காலம்தான் திறக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் சாவு என்றால் முகம் பார்க்க வேண்டும். நேற்றுச் சண்டை போட்டவன் கூட வந்து பார்த்துவிட்டுப் போவான். அன்று பின்னேரம் ஜனம் வந்தது. என்னால் தடுக்க முடியவில்லை. செபமாலையோடு பெண்கள் உள்ளே நுழைந்து, தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரி ஏற்றி வைத்து, பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். சின்னக் கொட்டகை. அத்தனை பேர் மூச்சு, அத்தனை பேர் உடம்புச் சூடு. ஐஸ் சொட்டுகிற சத்தம் பாட்டுக்கு நடுவில் எனக்கு மட்டும் கேட்டது. குனிந்து இரண்டு திரியையும் ஊதி அணைத்துவிட்டேன்.

பாட்டு நின்றது. ஒரு கிழவி, "பாவி, செத்தவன் தலமாட்டுத் திரியையா அணைக்குற?" என்றாள். மாமன் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நான் தாய்மாமன்டா. என் கண்ணு முன்னால அணைக்குறியா? நீ என்ன பெரிய கவர்னரா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா, ஒங்க அக்கா வர்ற வரைக்கும் மொகம் மொகமா இருக்கணுமா, வேணாமா?"

கையை விட்டார். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். திரியை வாசல் மணலில் ஊன்றி ஏற்றினார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன். பழக்கத்தில் இன்னொரு தடவையும் ஆட்டினேன். கேலி பண்ணுகிறவன் உள்ளே கிடந்தான்.

மறுநாள் ரயிலில் வரவேண்டிய ஐஸ் வரவில்லை. மண்டபத்திலேயே இறக்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். மதுரையில் ஏற்றவே இல்லை என்றார் இன்னொருவர். எதுவானால் என்ன, இருக்கிற ஐஸ்தான் சாயங்காலம் வரை. தந்திக்கும் பதில் இல்லை. அவள் கிளம்பிவிட்டாளா, தந்தி அவள் கையில் சேர்ந்ததா, ஒன்றும் தெரியாது.

ஒரு தடவை மட்டும் உள்ளே போய்ப் பலகைச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். மூன்று பக்கமும் சில்லென்று இருந்தது. மேற்குச் சுவரில் கை மேலே போனபோது வெதுவெதுவென்று இருந்தது. வருஷம் ஒன்று ஆகியிருந்ததால் உமி அமுங்கிக் கீழே இறங்கியிருக்கிறது. மேலே ஒரு முழம் வெறும் இடம். வெயில் மேற்கே திரும்பினால் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். எத்தனை அழுத்தி மிதித்தான்! அப்படியும் இறங்கிவிட்டது.

வெளியே வந்து மாமனிடம் சொன்னேன். உமிக்கு இப்போது எங்கே போவது? ராமநாதபுரம் போய் வருவதற்குள் பொழுது போய்விடும். மாமன் கரையைப் பார்த்தார். அலை ஒதுக்கிய கடல்தாழை, நாடா போன்ற கடற்புல், வரிசை வரிசையாகக் காய்ந்து கிடந்தது.

"இது ஆகுமா?"

"காஞ்சதா இருந்தா ஆகும் மாமா. ஈரம் ஆகாது."

அவ்வளவுதான். முகம் பார்க்க வந்து வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். மடியிலும் கூடையிலும் கடல்தாழையை அள்ளி வந்தார்கள். என்னைப் பாவி என்ற கிழவி ஒவ்வொரு பிடியாகக் கையில் கசக்கிப் பார்த்து, ஈரமானதைத் தூக்கி எறிந்தாள். "எலே, இது மொறுமொறுன்னு இருக்கு, இதக் குடு மொதல்ல." மாமன் தகரத்துக்குக் கீழே நுழைந்து, சுவர் மேல் குப்புறப் படுத்து, கை நீட்டி அடைத்தார். மருமகன் மிதித்த உமியின் மேல், உள்ளங்கையால் குத்திக் குத்தி இறுக்கினார். குத்தும்போதெல்லாம் ஏதோ சொல்லி அழுதார். என்ன சொன்னார் என்பது அந்தச் சுவருக்குத்தான் தெரியும். அன்று யாரும் முகம் பார்க்கக் கேட்கவில்லை.

சாயங்கால ரயில் வந்தது. சித்தி இறங்கினாள்.

கையில் ஒரு துணி மூட்டை. பேத்தி பிறந்த வீட்டிலிருந்து வருகிறவள், உடம்பில் இன்னும் பிள்ளைக்குத் தடவும் எண்ணெய் வாசம். அழவில்லை. "எங்கன?" என்று மட்டும் கேட்டாள். நான் கதவைத் திறந்தேன். மற்றவர்கள் தாமாகவே வெளியில் நின்றுகொண்டார்கள்.

சாக்கை விலக்கினேன். முகம் முகமாகவே இருந்தது. புருவத்திலும் இமையிலும் ஒட்டியிருந்த மரத்தூளை அவள் முந்தானையால் மெல்ல ஒற்றி எடுத்தாள். கன்னத்தில் கை வைத்தாள். வைத்த கையைச் சட்டென்று எடுத்து, தன் இரண்டு கையையும் உரசிச் சூடாக்கிக்கொண்டு, திரும்ப வைத்தாள்.

"என்னய்யா, இப்படிச் சில்லுன்னு போட்டு வச்சிருக்க எம்புள்ளைய?"

நான் விலக்கிய சாக்கை மடித்து ஓரமாக வைத்தேன்.

"ஒரு போர்வை குடுய்யா. குளிரும்."

முந்தின நாளிலிருந்து எது உள்ளே வந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேனோ, அதைத்தான் அவள் மகனுக்குக் கேட்டாள். போர்வையில் சூடு கிடையாது. உமி மாதிரிதான் அதுவும். உள்ளே இருப்பதை வெளியே விடாது, அவ்வளவுதான். அவனுக்குள் இருந்தது குளிர் மட்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு ஓடினேன். நான் போர்த்துகிற கம்பளியை எடுத்து வந்தேன். அவள் அதை உதறி, கழுத்து வரை இழுத்து, சின்னப் பிள்ளைக்குச் செருகுவது போல இரண்டு பக்கமும் உடம்புக்கு அடியில் செருகிவிட்டாள். காற்று நுழைய ஒரு இடம் விடவில்லை. அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கம்பளியோடுதான் அவனைக் கல்லறைக்குத் தூக்கினார்கள். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். நான் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். மிச்சம் இருந்த குளிர் என் கால் மேல் பட்டுக்கொண்டு மணலில் இறங்கிப் போனது. கதவைச் சாத்தாமல் நானும் அவர்கள் பின்னால் நடந்தேன்.