தம்பிராஜா சேர் எறிந்த போத்தல்

தம்பிராஜா சேரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கட்டுகஸ்தோட்டையில் கண்டதில்லை. தெருநாய் எதிரே வந்தால் அதற்கும் ஒதுங்கி வழிவிடுவார். ஊர் யாழ்ப்பாணம். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் இருபது வருசமாகக் கிளாக்கர் வேலை. சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் இரண்டு சொல்லுக்கு ஒரு ‘மாத்தயா’ போட்டுத்தான் பேசுவார். பஸ் கண்டக்டர் மாத்தயா, பியோன் மாத்தயா, மீன்காரன் மாத்தயா. எல்லாருமே அவருக்கு ஐயாதான். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே மனிசன் எங்கள் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வேறு ஆள்.

கடை ஹபீல் நானாவுடையது. அவர் என் கூடப்பிறந்த மூத்தவர். முன்பக்கத்தில் போட்டோ கொப்பியும் போன் ரீலோடும் என் பொறுப்பு. பின்பக்கத்தில் கம்பியூட்டர்களைப் போட்டு மணிக்கணக்கில் கேம் விளையாட விடுவார் நானா. 2008ஆம் வருசம் அது. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தது. அந்தச் சண்டை எங்கள் ஊருக்கு வந்து நின்ற இடம் மகாவலிப் பாலம்.

கண்டிக்குப் போகிற பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிடும். எல்லாரும் இறங்க வேண்டும். ஐடென்டிட்டி கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆமிக்காரர்களைத் தாண்டி நடந்துபோய், அந்தப் பக்கம் காத்திருக்கும் அதே பஸ்ஸில் மறுபடி ஏற வேண்டும். கார்டில் தமிழ்ப் பெயர் இருந்தால் வரிசை அங்கே கொஞ்சம் நிற்கும். காலை நேரங்களில் அங்கே நின்றவன் ஜயதிலக என்ற இளம் ஆமிக்காரன். அவன் சேருடைய சோற்றுப் பார்சலை அவிழ்த்து விரலை விட்டுக் கிளறிப் பார்ப்பான். சோற்றுக்குள் என்ன இருக்கும்? கத்தரிக்காய்தான் இருக்கும். அது அவனுக்கும் தெரியும். சேர் ‘ஸ்தூதி மாத்தயா’ என்று அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பார்சலைத் திரும்பக் கட்டுவார். மத்தியானம் அதையே சாப்பிட்டும் இருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

சேர் ஒருநாள் ஏதோ கொப்பி எடுக்க வந்த இடத்தில் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு முகமூடிக்காரன் கூரை விளிம்பில் குந்தியிருந்தான். கறுப்பு உடுப்பு, பச்சைக் கையுறை. அவனுக்கு இங்கிலீசில் என்னவோ பெயர் உண்டு. எங்கள் கடையில் அவன் ‘பச்சைக்கையன்’தான். கள்ளக்கூட்டம் பிடித்து வைத்திருக்கிற ஒரு தொழிற்சாலைக்குள் அவன் களவாகப் புகுந்து, காவலாளிகளை ஒவ்வொருவராக விழுத்திக்கொண்டு போக வேண்டும். நேருக்கு நேர் மோதவும் செய்யலாம், ஆனால் துப்பாக்கிகளுக்கு முன்னால் அது நீடிக்காது. நானா சும்மா ஒருதரம் விளையாடிப் பாருங்கள் என்று இடம் கொடுத்தார். அன்றிலிருந்து கந்தோர் விட்டால் சேர் நேரே எங்களிடம்தான்.

ஒளிந்து போவதில் அவரை அடிக்க ஆளில்லை. பொடியன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். குழாய்க்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நிற்பார். ஒரு வெற்றுப் போத்தலைத் தூர எறிவார். காவலாளி சத்தம் வந்த பக்கம் திரும்புவான். பச்சைக்கையன் பின்னால் வந்து கழுத்தைப் பிடிப்பான். அதுவரைக்கும் சரி. ஆனால் விழுந்த ஆளை சேர் விடமாட்டார். உதைப்பார். அசையாமல் கிடப்பவனை மறுபடி மறுபடி உதைப்பார், புள்ளி குறைகிறது என்று திரை காட்டினாலும் உதைப்பார். முகத்தில் மட்டும் கோபமே இராது. கீரைக்கட்டைத் தெரிந்தெடுக்கிற மனிசனின் முகம்.

“சேர், அவன் மௌத்தாகி எவ்வளவு நேரம், உட்டுடுங்க” என்பார் நானா.

“இல்லைத் தம்பி, எழும்பினாலும் எழும்புவான்” என்பார் சேர், வலு மரியாதையாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜயதிலக எங்கள் கடைக்கு வந்தான். டெனிமும் ரீசேட்டும் போட்டிருந்தான். துவக்கு இல்லாமல் பார்த்தால் மெலிந்த, பரு முகத்துப் பையன். சேரின் கை அப்படியே நின்றுவிட்டது. எழும்பி ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜயதிலகவுக்கு அவரைத் தெரியவில்லை. தினம் காலையில் கார்டையும் சோற்றையும் பார்த்தானே தவிர, அந்த முகத்தை எங்கே பார்த்தான்?

பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அதே கேமைப் போட்டான். கண்மண் தெரியாமல் ஓடினான், சுடுபட்டுச் செத்தான். திரும்பவும் ஓடினான், திரும்பவும் செத்தான். கடைசியில் சேரின் திரையைப் பார்த்து, “அங்கிள், நீங்கள் மட்டும் எப்படிச் சாகாமல் போகிறீர்கள்?” என்று சிங்களத்தில் கேட்டான்.

சேர் சொல்லிக்கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எங்கே வரும்? போத்தலை எறிகிற விதத்தைக் காட்டினார். “சத்தம் கேட்டால் காவல்காரன் அங்கேதான் பார்ப்பான், மாத்தயா. அவன் அங்கே பார்க்கிற நேரம் எங்களுடையது” என்றார். ஜயதிலக அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் சேரின் முதுகில் ஓங்கித் தட்டினான். அடுத்த ஞாயிறும் வந்தான். மூன்றாவது ஞாயிறு சேர் அவனை ‘மல்லி’ என்று கூப்பிட்டார். தம்பி என்று அர்த்தம். ஒரு ஆமிக்காரனை மல்லி என்று அழைத்ததில் அவருக்கு வந்த பூரிப்பைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அதன்பிறகு பாலத்தில் ஜயதிலக, “ஆ, பச்சைக்கை அங்கிள்!” என்று சிரித்துக் கையைக் காட்டிப் போகச் சொல்லுவான். பார்சல் அவிழவில்லை. முதல்தரம் அப்படி விட்ட அன்றைக்கு சேர் கடையில் இருந்த எல்லாருக்கும் ரொபி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அந்த மனிசனுக்கு அதோடுதான் கெட்ட காலம் தொடங்கியது என்று நான் சொல்லுவேன். மரியாதையே கிடைக்காதவனுக்கு ஒரு சொட்டுக் கிடைத்தால் அவன் அதைக் கடல் என்று நம்பிவிடுவான்.

வருசக் கடைசியில் சேரின் மனைவி பத்மாதேவி டீச்சரின் தம்பி விவேகானந்தன் சண்டை நடந்த வன்னியிலிருந்து எப்படியோ தப்பி வந்து சேர்ந்தான். இருபத்தாறு வயது. அக்காவின் வீட்டு அறைக்குள்ளேயே கிடந்தான். அவனுடைய ஐடென்டிட்டியில் கிளிநொச்சி விலாசம். அந்த நாட்களில் அதைவிடக் கெட்ட விலாசம் இலங்கையில் இருக்கவில்லை. பொலிஸ் வீடு வீடாக வந்து ஆட்களைப் பதிகிறது என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் பயந்துபோனார். “டீச்சர், நான் கெட்டவனில்ல. ஆனா அந்தப் புள்ளைய வேற எங்கயாச்சும் அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டார். ஹேவாஹெட்டையில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சரின் சிநேகிதி படிப்பித்தார். அங்கே கொண்டுபோய் விட்டால் பிழைத்துக்கொள்ளுவான். ஆனால் ஹேவாஹெட்டைக்குப் போகப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பொல்கொல்லைப் பக்கம் சுற்றினாலும் அங்கேயும் காவல்.

சேர் நானாவிடம் வந்து தன் திட்டத்தைச் சொன்னார். நான் கொப்பி எடுத்துக்கொண்டே கேட்டேன். ஜயதிலக நிற்கிற காலையில் சேர் முதலில் போவார். கேமைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார். அவன் அதில் மூழ்கிக் கையைக் காட்டி ஆட்களை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் விவேகானந்தன், கழுத்தில் ரை கட்டி, கையில் பைலோடு, கந்தோர் போகிறவர்களோடு சேர்ந்து நடந்துவிடுவான்.

நானாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சேர், அது கேம். இது ஆமி. ஒங்களுக்குப் பைத்தியமா புடிச்சீக்குது?”

“அவன் எனக்கு மரியாதை தாற பெடியன், ஹபீல்.”

“அப்ப அவனுக்கிட்டயே செல்லிக் கேளுங்களே.”

“கேட்டால் அவனுக்கெல்லோ பிரச்சினை. கேக்காமல் செய்யிறதுதான் அவனுக்கும் நல்லது.” ஆமிக்காரனின் வேலைக்காகவும் கவலைப்பட்டார் பாருங்கள்!

அந்தக் காலையில் நானும் உம்மாவும் அதே பஸ்ஸில் இருந்தோம். உம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போகிற நாள். பாலத்தில் இறங்கிப் பெண்கள் வரிசையில் நின்றோம். ஆண்கள் வரிசை கைக்கெட்டும் தூரத்தில். சேர் முன்னால். நாலைந்து பேருக்குப் பின்னால் விவேகானந்தன், சேரின் பழைய ரையோடு. ரை ஒழுங்காகத்தான் இருந்தது. முகம்தான் வெளிறிப்போயிருந்தது.

“மல்லி, கொதிகலன் அறைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது, பார்த்தீரா?” என்று சேர் சிங்களத்தில் தொடங்கினார். ஜயதிலகவின் கண் விரிந்தது. அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அவன் மாதக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தான். துவக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “எந்தக் கதவு?” என்றான். சேர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். ஜயதிலக தலையாட்டியபடியே மற்றவர்களைப் போ போ என்று விட்டான். ஒருவர் போனார். இன்னொருவர் போனார். விவேகானந்தனும் கார்டை அரைகுறையாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். தாண்டியே விட்டான். நான் மனசுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

ஜயதிலக சேரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டி விவேகானந்தனின் கொலரைப் பிடித்தான்.

“அங்கிள், போத்தல் விழுந்தால் போத்தலைப் பார்க்கிற காவல்காரன் கேமில் மட்டும்தான் இருப்பான்” என்றான். அவனுக்குக் கோபமே இல்லை. ஒரு கட்டத்தை வென்றவனின் சந்தோசம்தான் இருந்தது. கார்டை வாங்கிப் படித்தான். கிளிநொச்சி என்று வாய்விட்டுச் சொன்னான். காவலறைக்குள்ளிருந்து அவனுக்கு மேலான பெரியவன் ஒருவன் எழும்பி வருவது தெரிந்தது. அதற்குள் ஜயதிலக குரலைத் தாழ்த்தி, “இவன் உங்கள் ஆளா, அங்கிள்? உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

அவன் சேருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டான். இரக்கத்திலா, குரூரத்திலா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சேர் மச்சானின் முகத்தைப் பார்த்தார். விவேகானந்தனும் அவரைப் பார்த்தான். சேர், “தெரியாது மாத்தயா” என்றார்.

விவேகானந்தனுக்குச் சிங்களம் தெரியாது. அந்த ஒரு சொல் விளங்க அது தேவையும் இல்லை. நெஞ்சில் கிடந்த ரையை ஒருதரம் நேராக்கினான். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் இலக்கத்தகடு இல்லாத வான் ஒன்று வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. சேர் மறுமுனையில் நின்ற பஸ்ஸில் ஏறிக் கந்தோருக்குப் போனார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

கார்டைப் பார்த்துப் பிடித்துவிட்டார்கள் என்று மட்டும் சேர் வீட்டில் சொல்லியிருக்கிறார். பத்மா டீச்சர் பொலிசுக்கு அலைந்தார், ஆமிக் காம்புக்கு அலைந்தார், செஞ்சிலுவைக்காரர்களிடம் போனார். அப்படி ஒருவரையே நாங்கள் பிடிக்கவில்லை என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். கடைசியில் டீச்சருக்கு மிச்சமிருந்த நம்பிக்கை ஒன்றுதான்: என்னவருக்குத் தெரிந்த அந்த ஆமிப் பெடியன்.

அடுத்த ஞாயிறு இருவருமாகக் கடைக்கு வந்தார்கள். ஜயதிலக ஏற்கனவே திரைக்கு முன்னால் இருந்தான். சேர் அவனருகில் போய் நின்று ‘மாத்தயா’ என்றார். மல்லி போய்விட்டது. “அந்தப் பொடியனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும்…”

“முதலில் இதை முடித்துத் தாருங்கள் அங்கிள், பிறகு பேசுவோம்” என்று ஜயதிலக எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தான்.

சேர் உட்கார்ந்தார். டீச்சர் அவருக்குப் பின்னால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கணவன் ஏன் இந்த நேரத்தில் கேம் விளையாடுகிறார் என்று அவர் கேட்கவே இல்லை. தம்பியை மீட்க அதுதான் வழி என்றால் அதுதான் வழி. சேர் அவசரப்பட்டுப் போத்தலை எறிந்தார். இரண்டுமுறை செத்தார். மூன்றாம் முறை காவலாளிகளை ஒவ்வொருவராக விழுத்தி, விழுந்தவனைத் திரும்பியும் பார்க்காமல், கொதிகலன் அறையைத் தாண்டி முடித்துவிட்டார். ஜயதிலக விசிலடித்துக் கைதட்டினான்.

“இப்போது சொல்லுங்கள் மாத்தயா.”

“என்ன சொல்ல அங்கிள்? வானில் ஏற்றினார்கள், போனார்கள். யார் என்று நாங்கள் கேட்பதில்லை.” பிறகு, உண்மையிலேயே விளங்காதவன் போல, “நீங்கள்தானே தெரியாது என்றீர்கள். தெரியாத ஆளுக்காக நான் யாரிடம் போய் விசாரிப்பது?” என்றான்.

எனக்கும் நானாவுக்கும் தூக்கிப்போட்டது. நாங்கள் டீச்சரைப் பார்த்தோம். ஆனால் டீச்சர் வீட்டோடு டியூசன் கொடுத்தே காலம் தள்ளியவர், சிங்களம் ஓடாது. அவர் சேரின் தோளைத் தொட்டார்.

“என்னவாமப்பா? என்ன சொல்லுறான்?”

சேர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். “விசாரிச்சுச் சொல்லுறானாம். விவேகன் சுகமாத்தான் இருப்பானாம்.”

டீச்சரின் கண் நிரம்பிவிட்டது. அந்தப் பரு முகத்துப் பையனுக்கு முன்னால் போய்க் குனிந்து, இரண்டு கையையும் கூப்பி, தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் மூன்றைச் சேர்த்து, “போஹொம ஸ்தூதி மாத்தயா” என்றார். ஜயதிலக ஒன்றும் விளங்காமல் சேரைப் பார்த்தான். சேர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். மெல்லச் சிரித்து, “பரவாயில்லை அம்மே” என்றான்.

“நல்ல பெடியன்” என்றார் டீச்சர், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இஞ்சருங்கோ, இனி எந்த ஞாயிறும் தவறாமல் வந்து இவனோடை விளையாடுங்கோ. இவன்ரை மனம் கோணப்படாது.”

“ஓம்” என்றார் தம்பிராஜா சேர்.