வீரன் தண்டையும் ஒரு கூறு கறியும்

கோவையில் இரவு ஏறிய ரயில், விடிவதற்கு முன்பே தஞ்சாவூரில் இறக்கிவிட்டது. அறுபத்தாறு வயதில், நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்டோடு, தனியாக வந்து இறங்கியதில் எனக்குக் கொஞ்சம் திமிர்தான். மகன் துணைக்கு வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். இது என் பிறந்த வீட்டு விவகாரம்.

ஸ்டேஷன் வாசலில் பதினைந்து ரூபாய்க்குச் சர்க்கரை போடாத டீ குடித்து முடிப்பதற்குள் ஸ்டெல்லா வந்துவிட்டார். தஞ்சாவூர் லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கும் பெண். கையில் ஊசியும் குழாய்களும் அடங்கிய பை, தோளில் ஐஸ் பெட்டி. நாள் வாடகை இரண்டாயிரம் பேசி ஒரு காரில் நீடாமங்கலம் பக்கம் கிளம்பினோம். சாலையில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கோயிலுக்குப் போகிற வண்டியில் ஐஸ் பெட்டி எதற்கு என்று டிரைவர் கேட்டார். பங்காளிகள் எல்லோருடைய ரத்தத்தையும் எடுக்கப் போகிறோம் என்றேன். அம்மாப்பேட்டை தாண்டும் வரை மனிதர் கண்ணாடியில் ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குலதெய்வம் வீரன். எங்கள் குடும்பத்தில் சிலருக்குக் குதிகாலுக்கு மேலே, பின்பக்கத்து நரம்பில் புளியங்கொட்டை போல ஒரு முடிச்சு இருக்கும். வீரன் காலில் போட்டிருந்த தண்டை உரசிய தழும்பு என்று பெயர். 'வீரன் தண்டை' உள்ள ஆண்தான் ஆடிப் படையலில் ஆடு வெட்ட அருவாளைத் தூக்குவான். என் பெரியப்பா தூக்கினார், நாற்பத்தொன்பது வயதில் போனார். பிறகு அப்பா தூக்கினார். ஐம்பத்திரண்டு வயதில், வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அழுது முடித்த பிறகு ஊரே பெருமையாகப் பேசியது. படுக்கையில் விழாத வம்சம், பிள்ளைகளுக்குத் தொல்லை தராத சாவு என்று. நானும் அந்தப் பெருமையைப் புகுந்த வீட்டில் நிறையவே அளந்திருக்கிறேன்.

அறுபத்தொரு வயதில் எனக்கு நெஞ்சடைத்தது. கோவையில் என்னைப் பார்த்த டாக்டரம்மா என் குதிகாலைப் பிடித்து அழுத்தி, இது யார் யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். வீரன் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது கொழுப்பு அம்மா என்றார். பிறவியிலேயே ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக இருக்கும் கோளாறாம். அது நரம்பில் படிந்தால் முடிச்சு, இதயக் குழாயில் படிந்தால் சாவு. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. என் மகனுக்குச் சோதித்துப் பார்த்தாயிற்று, அவன் தப்பித்தான். ஆனால் தண்டை என் தம்பி கலியபெருமாளின் காலிலும் இருக்கிறது. வயது ஐம்பத்தெட்டு. இப்போது அருவாள் அவன் கையில். ஐந்து வருடமாகப் போனில் கெஞ்சியும் அசையவில்லை. அப்பா வயதைத் தாண்டிவிட்டேனே, அப்புறம் என்ன என்பான்.

நீடாமங்கலத்தை நெருங்கும்போது, வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. மேட்டூரில் திறந்த அதே தண்ணீர்தான் மூன்று பக்கமும் போகிறது. இரண்டு பக்கமும் குறுவை நெல் கதிர் வாங்கத் தயாராக நின்றது. இப்படி ஒரு பச்சையைப் பார்த்துவிட்டுச் செத்தால் என்ன என்று சின்ன வயதில் தோன்றியதுண்டு. இப்போது, இதை இன்னும் பத்து ஆடிக்காவது பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

காலை எட்டு மணி இருக்கும், வீரன் கோயிலில் இறங்கினோம். கோயில் என்றால் வயலுக்கு நடுவே ஒரு வேப்பமரம், மூன்று சூலம், ஒரு மண்குதிரை. வருடத்தில் இந்த ஓர் ஆடி ஞாயிறு மட்டும் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் பங்காளிகள் மொத்தமும் இங்கே கூடும். படையல் முடியும் வரை ஒருவரும் பச்சைத் தண்ணீருக்கு மேல் எதுவும் தொட மாட்டார்கள். சோதனைக்கு வெறும் வயிறு நல்லது என்று லேபில் சொன்ன அன்றே இந்த ஞாயிறை முடிவு செய்துவிட்டேன். தம்பி மனைவி வளர்மதியிடம் மட்டும் போனில் சொல்லி வைத்திருந்தேன்.

ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் பூசாரி தங்கராசு அண்ணன் எழுந்து வந்துவிட்டார். என் பெரியப்பாவின் மூத்த மகன், எழுபது வயது. தண்டை இல்லாமல் பிறந்துவிட்டோமே என்று வாழ்நாள் முழுவதும் மருகியவர். வீரனுக்கு ஆட்டு ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் வேறு ரத்தம் எடுக்கக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். படையல் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றான். படையல் முடிந்தால் எல்லோரும் கறிச்சோற்றில் கை வைத்துவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன.

ஆனால் நானும் இதே மரத்தடியில் பசியோடு அழுது வளர்ந்தவள். ஆடு வெட்டிய பிறகு கறி வெந்து, இலையில் படைக்க எவ்வளவு நேரமாகும் என்று என் வயிற்றுக்கு நன்றாகவே தெரியும். முதலில் வீரன் வாங்கிக்கொள்ளட்டும், கறி வேகும் நேரத்தில் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றேன். தங்கராசு அண்ணன் யோசித்துப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

தம்பி அருவாளைத் தூக்கினான். ஒரே வீச்சு. அப்பாவே வந்து நின்ற மாதிரி இருந்தது. பெருமையில் நெஞ்சு விம்மியது. அடுத்த நிமிடமே பயமும் வந்தது.

அடுப்பில் கறி ஏறியதும் ஸ்டெல்லா மரத்தடியில் நாற்காலி போட்டார். ஒருவரும் வரவில்லை. எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் காலுக்குப் பக்கத்தில் என் காலை வைத்தேன்.

"பாருடா. அப்பாவுக்கு இருந்துச்சு, பெரியப்பாவுக்கு இருந்துச்சு. தண்டையோட அறுபதத் தாண்டுனவ நான் ஒருத்திதான். மாத்திரை போடுறேன், அதான்."

அவன் என் காலைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த தன் மகன் பிரபுவைப் பார்த்தான். முப்பது வயது, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவன். குந்தி உட்கார்ந்திருந்ததில் அவன் குதிகால் நன்றாகத் தெரிந்தது.

"அவனுக்கும் இருக்குக்கா."

"தெரியும். அவனுக்கு இன்னும் வயசு இருக்கு. இப்பவே ஆரம்பிச்சா நிக்கும். நீ மொதல்ல உக்காரு, அவன் தானா வருவான்."

தம்பி நாற்காலியில் போய் உட்கார்ந்து கையை நீட்டினான். ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஒரே வீச்சில் ஆடு வெட்டியவன். அதற்குப் பிறகு வரிசை வேப்பமரத்தைச் சுற்றி வந்தது. கட்டிக்கொடுத்த பெண்களையும் கூப்பிட்டு நிறுத்தினேன். கடைசியில் தங்கராசு அண்ணனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

படையல் ஆனது, சாப்பாடும் ஆனது. எனக்குச் சோறும் ரசமும். மிச்சப் பச்சைக்கறியைத் தென்னங்கீற்றில் கூறு போட்டார்கள். பங்காளி வீட்டுக்கு ஒரு கூறு. பிறந்த வீட்டுப் பெண்களுக்குக் கூறு கிடையாது. வழக்கம்தானே என்று காரில் ஏறப் போனேன்.

"இன்னொரு கூறு போடுங்கண்ணே. அக்காவுக்கு" என்றது தம்பியின் குரல்.

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு ஏதுடா கூறு?" தங்கராசு அண்ணன் கேட்டார்.

"தண்டை அதுக்கும் இருக்குல்ல. போடுங்க."

அண்ணன் என் காலைப் பார்த்தார். பிறகு எல்லாக் கூறிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, புதிதாக ஒன்று வைத்தார். வளர்மதி அதில் மஞ்சளும் உப்பும் பிசறி, வாழையிலையில் கட்டித் தந்தாள். எனக்கு இது ஆகாதேடா என்று தம்பியிடம் சொன்னேன்.

"தின்னச் சொல்லலக்கா. எடுத்துக்கிட்டுப் போ" என்றான்.

மறுநாள் காலை கோவை வந்து சேர்ந்த பிறகு ஸ்டெல்லா போனில் கூப்பிட்டார். தம்பிக்கும் பிரபுவுக்கும் கொழுப்பு எக்கச்சக்கம், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். தங்கராசு அண்ணனுக்கு எல்லாம் அளவுக்குள். தண்டை இல்லாமல் பிறந்ததற்கு அவர் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டார் என்று தம்பி பிறகு சொன்னான். தம்பி மத்தியானமே தஞ்சாவூர் போய், மாத்திரை வாங்கிக்கொண்டு போன் செய்தான். அடுத்த ஆடிக்கும் அருவாள் தன் கையில்தான் என்றான். அதற்கு அடுத்த ஆடிக்கும் என்றேன் நான்.

கோவையில் கறிக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு கடை, காசைக் கொடுத்தால் கிலோ கணக்கில் வெட்டித் தருவார்கள். ஆனால் இங்கே எனக்கென்று யாரும் கூறு போட்டதில்லை. பொட்டலத்தைப் பிரித்துக் குழம்பு வைத்து, மகன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். எங்கள் வீரன் கோயிலில் எனக்கு வந்த பங்கு என்று சொல்லிச் சொல்லித்தான் கொடுத்தேன். ஒரே ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதை மெல்ல மென்று தின்றேன்.