பிரிண்டர் திரும்பி வரும்போது

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். பொய் சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இது நடந்தது நட்டநடுப் பகலில். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேய்க்கு ராத்திரியில்தான் வேலை என்று முதலில் சொன்னவனை ஒருநாள் நான் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் 2:20. மருத்துவமனையிலிருந்து போன். "உங்கப்பாவுக்குக் கண் கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலைல ஆபரேஷன். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்து சேர்ந்துடுங்க."

அப்பாவுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. இன்னொன்றில் கருவிழி மங்கி, முகத்துக்குக் கிட்டே பிடித்தால்தான் எதுவும் தெரியும். இறந்தவர் யாராவது தானம் செய்யும் கண்ணுக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தோம். நான் துள்ளிக் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை.

"பாப்பா, சரியா வரலைன்னா இருக்கிற வெளிச்சமும் போயிடும்னு டாக்டர் சொன்னாரே... போறதுக்கு முன்னாடி நம்ம போட்டோவெல்லாம் ஒருதடவை பார்த்துடறேன். போன்ல கண்ணு கூசுது. காகிதத்துல பெருசாப் போட்டுக் குடு. உங்கம்மா படத்தைக் கடைசியாக் குடு. கண்ணுல கடைசியா நிக்கிறது அவ முகமா இருக்கட்டும்."

அம்மா போய் ஆறு வருடம். "இதோ போடறேன்ப்பா" என்று உள்ளே ஓடினேன்.

மொத்தம் இருபத்து நான்கு படங்கள். மூன்று நாள் முன்புதான் பழைய சாமான் கடையில் ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கியிருந்தேன். முதல் படம் வர 4 நிமிடம் 40 விநாடி ஆனது. என் வீட்டுக்காரர் 4:10க்குக் கார் கொண்டு வந்துவிடுவார். இந்த லட்சணத்தில் போனால் அம்மா முகம் வருவதற்குள் 4:40 தாண்டிவிடும்.

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் என் பெயரே அவசரக்குடுக்கை. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இது ஆமை மாதிரி போகுது. வேகமா ஓட என்ன வழி? ஆனா தரம் குறையக் கூடாது. எங்கம்மா முகம் கோடுகோடா வந்தா உங்களைச் சும்மா விடமாட்டேன்."

"தரத்துல கைவைக்காதீங்கக்கா. வைஃபையை விட்டுட்டு கேபிள் போடுங்க. சத்தமில்லாம ஓடுற செட்டிங்கை அணைங்க. படத்தைக் காகித அளவுக்குக் குறைச்சு அனுப்புங்க. இருவழி அச்சுன்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க."

அச்சுத்தலை ஒரு பக்கம் போகும்போதுதான் மை போடுகிறதாம். திரும்பி வரும்போது சும்மா வருகிறதாம். இருவழி என்றால் திரும்பும்போதும் மை போடும். கோடு விலகாமலிருக்க முதலில் அச்சுத்தலையை நேர்செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"முன்னாடி வச்சிருந்தவங்க எப்படித்தான் இதோட காலம் தள்ளினாங்களோ!"

"அந்தம்மாவுக்கு எதுலயும் அவசரமில்லக்கா. ஒவ்வொரு படமா ரசிச்சு ரசிச்சுப் போடுவாங்களாம்."

3:04க்கு எல்லாம் மாற்றி முடித்தேன். இரண்டு படம் முன்பே வந்திருந்தது. மூன்றாவது... சர்ர்... சர்ர்... 2 நிமிடம் 5 விநாடி! கண்ணாடி மாதிரி பளிச்சென்று வந்தது. கடைக்காரரை மனதார வாழ்த்தினேன்.

ஜன்னலோரம் நாற்காலியில் அப்பா. ஒவ்வொரு தாளையும் மூக்கில் இடிக்கும் அளவுக்குப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

3:10. ஐந்தாவது படம். மொட்டைமாடியில் நான், சின்ன வயதில், சைக்கிளோடு. தூரத்துச் சுவரோரம் ஒரு பெண்மணி. முதுகு காட்டி நின்றாள். கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன். வெறும் சுவர். மை சிந்தியிருக்கும் என்று நினைத்தேன்.

3:19. ஒன்பதாவது. என் பட்டமளிப்பு விழா. நாற்காலி வரிசைக்குப் பின்னால் அதே முதுகு. பழுப்பு நிற ஸ்வெட்டர், கொண்டை. இப்போது கொஞ்சம் கிட்டத்தில். திரையில் யாரும் இல்லை.

நிறுத்தலாமா? நிறுத்தினால் அம்மா முகம் வராது. அப்பாவிடம் என்ன சொல்வேன்? ஓரத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

3:29. பதினான்கு. பாதி திரும்பியிருந்தாள். காது தெரிந்தது.

3:38. பதினெட்டு. கன்னம் தெரிந்தது.

3:48. இருபத்து மூன்று. அப்பாவும் நானும் இருக்கும் படம். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் தோள்.

அம்மா படம் மட்டும்தான் பாக்கி.

இருவழியை அணைத்தேன். நேரமானால் ஆகட்டும். 3:51க்கு அச்சுப் பொத்தானை அழுத்தினேன்.

போகும்போது... சர்ர்.

திரும்பும்போது அமைதி. அப்பாடா.

மறுபடி... சர்ர்.

திரும்பும்போது...

சர்ர்ர்...

அணைத்துவிட்டேனே! திரையைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

சர்ர்ர்...

தாள் வெளியே வந்தது.

வாசலில் நின்று சிரிக்கும் அம்மா. ஒரு கோடுகூட விழவில்லை. அம்மா தோள்மேல் ஒரு கை. பக்கத்தில் அந்தப் பெண், நேராக எங்களைப் பார்த்து.

கண் இரண்டும் மூடியிருந்தது.

ஒளிப்பதற்குள் அப்பா கையை நீட்டிவிட்டார். "உங்கம்மா... அப்படியே இருக்காம்மா." கண்ணீர் விட்டார். பிறகு தாளை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"பக்கத்துல யாரு பாப்பா? ஏன் கண்ணை மூடிக்கிட்டிருக்காங்க?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது வாரம் அப்பா சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தார். நானும் வீட்டுக்காரரும் அழுதேவிட்டோம்.

அன்று சாயங்காலம் கேட்டார். "அந்தப் போட்டோ எங்கேம்மா?"

"எதுப்பா?"

"சிகப்பு ஊஞ்சல்ல ரெண்டு பொண்ணுங்க. சின்னவளுக்கு முன்பல்லு ரெண்டும் இல்லை. அதை இன்னும் போட்டு முடிக்கலியே."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு படமே கிடையாது.

மறுநாள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "அந்தம்மா யாருண்ணே?"

"பாவம்க்கா. நீங்க வாங்கினீங்களே, அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் இறந்துட்டாங்க. படம் போட்டுக்கிட்டிருக்கும்போதே சாஞ்சுட்டாங்களாம். கண்ணைத் தானமா எழுதி வச்சிருந்தாங்களாம், எடுத்துக்கிட்டுப் போனாங்க."

யார் கண் யாருக்கு என்று மருத்துவமனையில் சொல்லமாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

"விக்கறதுக்கு முன்னாடி பிரிண்டரைத் துடைக்கும்போது உள்ள ஒரு தாள் சிக்கியிருந்தது. தூக்கிப் போட மனசு வரலை" என்று மேசை இழுப்பறையைத் திறந்தார்.

பாதிதான் அச்சாகியிருந்தது. சிகப்பு ஊஞ்சல். இரண்டு பெண்கள். சின்னவள் வாயைத் திறந்து சிரிக்கிறாள். முன்பல் இரண்டும் இல்லை.

அதற்குக் கீழே வெறும் வெள்ளைக் காகிதம்.