கரண்டி நோன்பு

கல்கத்தாவின் பவானிபூரில், 1908 வாக்கில், பொய் சொல்வதில் அனந்தலக்ஷ்மிக்கு நிகர் கிடையாது. தப்பாக நினைத்துவிட வேண்டாம், யார் குடியையும் கெடுக்கிற பொய் இல்லை. மீன்காரி வாசலில் கூடையை இறக்கினால், "இந்த வாசல்ல இறக்கினா அன்னிக்கு வியாபாரமே ஆகாதாம்" என்று அரைகுறை வங்காளத்தில் மிரட்டி அடுத்த வீட்டுக்கு அனுப்புவாள். அவ்வளவுதான். கும்பகோணத்தில் பிறந்து, பதினோரு வயதில் கழுத்தை நீட்டி, பதினைந்தில் ரயிலேறி வந்து, பன்னிரண்டு வருஷமாகக் கரி அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்குகிறவள் வேறு எப்படித்தான் பொழுதை ஓட்டுவாள்!

அவள் ஆத்துக்காரர் மஹாதேவன் பொய்யே சொல்லத் தெரியாத பிராணி. ஜனங்களின் பழக்கவழக்கங்களை எழுதிச் சேகரிக்கிற சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் டெம்பரரி குமாஸ்தா. அங்கே ஒரு துரை. அவருக்கு மூன்று விதிகள். கேள்வித்தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. ஒருவர் சொன்னதை இன்னும் இரண்டு பேர் வாயால் கேட்க வேண்டும். முடிந்தால் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். "கல்கத்தாவில் இருக்கிற உன் ஜனங்களைப் பற்றி நீயே எழுது, நன்றாக இருந்தால் வேலை பர்மனென்ட்" என்று சொல்லிவிட்டார். மஹாதேவனுக்கோ தன் ஜனங்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அம்மா முகமே ஞாபகமில்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர். ஆகவே ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"நாற்பத்தேழாவது கேள்வி. ஸ்திரீகளுக்கென்று ஓய்வுநாள் உண்டா? அன்று வீட்டு வேலை யார் செய்வது?"

"கிடையாது. மேல படியுங்கோ."

"கட்டத்தைக் காலியா விடக் கூடாதுடி. மாசத்துல மூணு நாள் ஒதுங்கி உட்கார்றயே?"

"நன்னாருக்கு! நான் ஒதுங்கினா அடுத்த தெரு ஜலஜா ஆத்துலேர்ந்து சாப்பாடு வரும். அவ ஒதுங்கினா நான் ரெண்டு ஆத்துக்கும் சேர்த்து வடிச்சுக் கொட்டணும். அதுக்குப் பேர் ஓய்வா?"

சொல்லும்போதே அவளுக்கு வயிறு எரிந்தது. போன வருஷம், ஆவணி கடைசி நாளில், பக்கத்து வீட்டு நிருபமா பௌதி, அதாவது நிருபமா மன்னி, அடுப்பையே மூட்டவில்லை. அரந்தனாம், அடுப்பு மூட்டாத பண்டிகை. முதல் நாள் ஆக்கி வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, அடுப்புக்குக் கோலம் போட்டுப் பூ வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வங்காளத்தில் அடுப்புக்குக்கூட ஒரு நாள் லீவு. எனக்கு?

"ஒண்ணு உண்டு, மறந்தே போச்சு" என்றாள், துவரம்பருப்பைக் களைந்துகொண்டே. "கரண்டி நோன்பு. ஆவணி கடைசி நாள். புருஷா சமைச்சுப் பொண்டுகளுக்குப் பரிமாறணும். அன்னிக்குப் பொண்டுகள் சமையலறை வாசப்படி தாண்டப்படாது."

"நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"சாவித்ரி யமன்கிட்டேர்ந்து சத்யவானை மீட்டுண்டு வந்தாளோல்லியோ? அதுக்காக மாசியில நாங்க காரடையான் நோன்பு நூக்கறோம். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சத்யவான் என்ன பண்ணினான்? 'உக்காரு சாவித்ரி, அலைஞ்சு வந்திருக்கே'ன்னு தானே சமைச்சுப் போட்டான். அதான் இது. அம்மா இல்லாம வளர்ந்தவர், உங்களுக்கு யார் சொல்லியிருப்பா, பாவம்."

மஹாதேவன் வெட்கத்தோடு எழுதிக்கொண்டார். அனந்தலக்ஷ்மி அன்று மத்தியானமே ஜலஜா வீட்டுக்கும், இன்னொரு தமிழ்க்காரியான சுப்புலக்ஷ்மி வீட்டுக்கும் ஓடினாள். மறுநாள் மஹாதேவன் இரண்டாவது வாயும் மூன்றாவது வாயும் தேடிப் போனபோது, "ஆமா மாமா, கரண்டி நோன்பு தெரியாதா?" என்றாள் ஜலஜா. "எங்க பக்கத்துல புருஷா பாத்திரமும் தேய்க்கணும்" என்று சுப்புலக்ஷ்மி தன் பங்குக்கு ஒன்றைச் செருகினாள்.

துரைக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வீடு வித்தியாசப்படுகிறதே, அப்படியானால் இது அசல் பழைய வழக்கம்தான்! ஆவணி கடைசி நாளில் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

அதைக் கேட்டதும் அனந்தலக்ஷ்மிக்குச் சிரிப்பு போய்விட்டது. ராத்திரி சாப்பாட்டுக்குக்கூடக் காத்திராமல் உண்மையை உடைத்தாள். மஹாதேவன் அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

"படுபாவி! என் வேலையிலயே கை வெச்சுட்டயே!"

"இப்ப போய் பொய்னு சொன்னாத்தான் வேலை போகும். பேசாம ஒரு நாள் சமைச்சுடுங்கோ."

அவருக்கு வேறு வழியில்லை. அந்த நாளும் வந்தது. துரை தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். உள்ளே வேஷ்டியை மூலைக்கச்சமாகக் கட்டிக்கொண்டு மஹாதேவன் கரி அடுப்போடு மல்லுக்கட்டினார். புகை, தும்மல், "ஐயோ சுட்டுடுத்து". வெளியே பாயில் மூன்று பெண்களும் வெற்றிலை மடித்தபடி, வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினார்கள். துரை கேட்பதை மஹாதேவனே கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"புருஷன் சமைக்க மாட்டேன்னா என்ன ஆகும்னு கேக்கறார்."

"அடுத்த ஜன்மத்துல மருமகளாப் பொறப்பான்னு சொல்லுங்கோ."

மஹாதேவன் முறைத்தார். ஆனாலும் சொன்னார். துரை எழுதிக்கொண்டார்.

இலை போட்டாயிற்று. கல்யாணமான நாளாக எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஆறினதைத்தான் சாப்பிட்டவள் அனந்தலக்ஷ்மி. இன்றைக்கு ஆவி பறக்கிற சாதம், அதுவும் தனக்கு முதலில். குனிந்து ரசம் விட்டவரின் கையில் இரண்டு இடத்தில் கொப்புளம். விளையாட்டாக ஆரம்பித்தவள் அந்தக் கொப்புளங்களையே பார்த்தாள். அழுதுவிடப் போகிறோமே என்ற பயத்தில் ஒரு கவளத்தை வாயில் போட்டாள். ரசத்தில் உப்பே இல்லை.

அவள் முகம் போன போக்கைத் துரை பார்த்துவிட்டார். என்ன விஷயம் என்றார்.

மஹாதேவன் அதை மொழிபெயர்த்துவிட்டுக் கரண்டியோடு நின்றார். அனந்தலக்ஷ்மிதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கரண்டி நோன்பன்னிக்கு உப்பு சேர்க்கப்படாது. அதான் விசேஷம். சொல்லுங்கோ." ஜலஜாவும் சுப்புலக்ஷ்மியும் தலையைப் பலமாக ஆட்டினார்கள். அன்றைக்கு அந்த ரசத்தை மூன்று பேரும் இலையில் மிச்சம் வைக்காமல் உறிஞ்சித் தீர்த்தார்கள்.

தை மாசம் வேலை பர்மனென்ட் ஆயிற்று. வைகாசியில் ரிப்போர்ட் அச்சாகி வந்தது. பக்கம் எண்பத்திரண்டில் கரண்டி நோன்பு, சத்யவான், மருமகள் ஜன்மம், உப்பு, எல்லாம் வரிசையாக இருந்தன. மஹாதேவன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "இதோட உன் சாஸ்திரம் சமாப்தி" என்றார். அடுத்த வருஷமும் உண்டா என்று அனந்தலக்ஷ்மி கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற தைரியம் பொய்க்காரிக்கும் கிடையாது. ஒரு நாள் கிடைத்ததே, போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறு வருஷம் ஆவணி கடைசி நாள். பக்கத்து வீட்டில் அரந்தன் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. அனந்தலக்ஷ்மி வழக்கம்போல் குளித்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு சமையலறைப் பக்கம் வந்தாள். உள்ளிருந்து புகை வந்தது.

"வாசப்படி தாண்டாதே!" என்று மஹாதேவனின் குரல். "நோன்பு கெட்டுடும்."

அவளுக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. "வேலைதான் பர்மனென்ட் ஆயிடுத்தே. இன்னிக்கு எந்தத் துரை வரார்?"

"துரை வந்தாத்தானா? பொய் எழுதினவன்னு நாளைக்கு எவனும் என்னைச் சொல்லப்படாது. வருஷா வருஷம் பண்ணிட்டா அது பொய் இல்லையே. போய்ப் பாயைப் போட்டுண்டு உக்காரு."

உட்கார்ந்தாள். இலை வந்தது, சுடச்சுட சாதம் வந்தது, ரசம் வந்தது. ஒரு வாய் வைத்தாள்.

"ஏன்னா, உப்பு?"

மஹாதேவன் கரண்டியோடு நிமிர்ந்து நின்றார். அந்த மனுஷர் முகத்தில் அப்படி ஒரு விஷமத்தைப் பன்னிரண்டு, பதிமூன்று வருஷத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"பக்கம் எண்பத்திரண்டு. நீ சொன்னதுதான்."

அனந்தலக்ஷ்மி சாதத்தைக் குழித்தாள். பிறகு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் ரசம் விடுங்கோ" என்றாள்.